கதையில கிணறே இல்லடா

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, நாலு வரி தட்டி, அழிச்சு, மறுபடியும் தட்டின்னு இழுத்துக்கிட்டே போன பதிவு இது. இன்னைக்கு எப்படியும் முடிச்சிடறதுன்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளம். சோகமும் கொஞ்சம் இருக்கு. வழக்கமான மொக்கையை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிச்சுக்கோங்க, அடுத்த தடவை ஈடுகட்டிடறேன் :-)

போன மாசம் மதுரையில ஒரு டீக்கடை வாசல்ல நாலஞ்சு பேர் நின்னு பேசிக்கிட்டிருந்தோம். எல்லாரும் எழுதுற, வாசிக்கிற கூட்டம்தான். அதுல ஒருத்தர், என்னைவிட வயசுல பெரியவர், நல்லாப் படிச்சவர், என்னைப் பார்த்து சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "என்ன தம்பி, நீங்க எழுதுறதுல பாதி உங்க சேக்காளிங்க புஸ்தகம், சேக்காளிங்க குறும்படம், சேக்காளிங்க கவிதைன்னே இருக்கே. நீ என் முதுகைச் சொறி, நான் உன் முதுகைச் சொறியறேன்னு ஒப்பந்தமா?"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அந்த நேரத்துக்கு வேற ஒண்ணும் தோணலை. ஆனா வண்டியை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அது உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே வந்துச்சு. அவர் சொன்னதுல பாதி உண்மைங்கிறதால இல்லை. நான் சொறியாம விட்ட ஒரு முதுகு இருக்கு, அது ஞாபகம் வந்துட்டதால.

அவன் பேர் இங்கே வேண்டாம். ஏன்னு கடைசியில சொல்றேன். 1997-ல பாலிடெக்னிக்ல சேர்ந்து படிச்சோம். எனக்குப் படிப்பு ஏறலை, கணக்கு எழுதப் போயிட்டேன். அவன் சிவகாசியில ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸுல மிஷின்ல நின்னான். பத்தொன்பது வயசுல நின்னவன், கடைசி வரைக்கும் மிஷின்லதான் நின்னான்.

சிவகாசின்னா வெளியூர்க்காரங்களுக்குப் பட்டாசு மட்டும்தான் ஞாபகம் வரும். ஊருக்குள்ள இருக்கிறவங்களுக்குக் காலண்டரும் அதே அளவுக்குப் பொழைப்பு. ஆடி 18 அன்னைக்குப் புது வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவாங்க. அதுக்கப்புறம் ஏஜெண்டுங்க ஊர் ஊரா ஆர்டர் பிடிச்சுக்கிட்டு வருவாங்க. ஐப்பசி, கார்த்திகை, மார்கழின்னா பிரஸ்ஸுல ராத்திரி பகல் கிடையாது. அந்த மாசங்கள்ல நான் போன் பண்ணினா எடுக்க மாட்டான், எடுத்தா மிஷின் சத்தம்தான் கேக்கும். சீசன் முடிஞ்சு தை மாசம் பொறந்தாத்தான் மனுஷனா வெளியே வருவான்.

அந்த சத்தத்துக்கு நடுவுலதான் அவன் கதை எழுதினான்.

எதுல எழுதினான்னு சொன்னா நம்ப மாட்டீங்க. மிஷின் ஓட ஆரம்பிக்கிறப்போ முதல்ல வர்ற கொஞ்சம் தாள் வீணாத்தான் போகும். கலர் மேல கலர் சரியா உக்காராது. முருகனுக்கு நாலு கண்ணு இருக்கும், லட்சுமி கையில இருக்கிற தாமரை கைக்கு வெளியே தனியா மிதக்கும். அப்படி வீணாப் போன தாளை வெட்டி, பின்பக்கம் வெள்ளையா இருக்குமே, அதுல பால்பாயிண்ட் பேனாவால எழுதுவான். நல்ல கெட்டித் தாள். "எழுத்தாளன் எவனுக்குடா ஆர்ட் பேப்பர்ல எழுத வாய்ச்சிருக்கு?"ன்னு கேப்பான். ஒரு கதை கையில கொடுத்தான்னா கல்யாணப் பத்திரிகை கட்டு மாதிரி கனக்கும்.

நான் 2006-ல இந்தப் பக்கத்தை ஆரம்பிச்சப்போ, இ-கலப்பையை வச்சுக்கிட்டு ஒத்தை விரலால தட்டுவேன். அவன் தை மாசம் மதுரைக்கு வந்தா பக்கத்துல உக்காந்து வாசிப்பான், நான் தட்டுவேன். அப்படி ரெண்டு கதை தட்டினோம். ஒண்ணைக் கூட இங்கே போட விடலை. "இன்னும் ஒரு தடவை பாத்துக்கிறேன்டா மாப்ள." இன்னும் ஒரு தடவை பாக்கிற வியாதி அவனுக்கு. எனக்கு அந்த வியாதி இல்லைங்கிறது உங்களுக்கே தெரியும்.

இப்ப அந்த விஷயத்துக்கு வர்றேன். 2017 தை மாசம். ஒரு கதையைக் கொண்டாந்து கொடுத்தான். இருபது தாள் இருக்கும். "படிச்சுட்டு சொல்லு. இதுதான்டா நான் எழுதினதுலயே உருப்படி." வாங்கி அலமாரியில வச்சேன். அப்புறம் ஆடிட்டிங், மார்ச் மாசக் கணக்கு, பையனுக்கு அம்மை, என்னென்னவோ. படிக்கலை. ரெண்டு தடவை போன்ல கேட்டான். "படிச்சுக்கிட்டே இருக்கேன்"னு சொன்னேன். மூணாவது தடவை நேர்லயே வந்துட்டான். வேற வழி இல்லாம, "படிச்சேன்டா, பிரமாதமா வந்திருக்கு"ன்னுட்டேன்.

"நெசமாவா? அந்தக் கிணறு வர்ற இடம் சரியா வந்திருக்கா? அதுலதான் எனக்கு சந்தேகம்."

நான் யோசிக்கவே இல்லை. "அந்த இடம்தான்டா கதையே! அப்படியே கண்ணுக்கு முன்னால நிக்குது"ன்னேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். அப்புறம் சிரிச்சான். "கதையில கிணறே இல்லடா மாப்ள"ன்னான்.

கோவப்படலை. அதுதான் கொடுமை. டீ குடிச்சான், என் பையன் கூட கேரம் ஆடினான், சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிட்டான். கிளம்புறப்போ அலமாரியில இருந்த அந்தக் கட்டையும் எடுத்துக்கிட்டுப் போனான். "உனக்கு எதுக்கு எடத்த அடைச்சுக்கிட்டு"ன்னான். அதுக்கப்புறம் ஒண்ணரை வருஷம், போன்ல எல்லாம் பேசினோம். பிள்ளைங்க படிப்பு, சம்பளம், அரசியல், கிரிக்கெட் எல்லாம். கதையைப் பத்தி மட்டும் அவன் பேசலை. நானும் கேக்கலை.

2018 அக்டோபர்ல, நல்ல சீசன்ல, ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வண்டியில வந்தவன், ரோட்டோரமா லைட்டு எதுவும் போடாம நிறுத்தியிருந்த லாரி மேல மோதிட்டான். இதுக்கு மேல இதை எழுத எனக்குத் தெம்பு இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தப்போ அவன் சம்சாரம் என்னைத் தனியாக் கூப்பிட்டுச்சு. பரண்ல இருந்து அஞ்சு கட்டு இறக்கி வச்சிருந்தது. "அண்ணே, இதெல்லாம் அவுக எழுதினது. எடைக்குப் போட்டா நல்ல காசு வரும், கெட்டித் தாளுன்னு எங்க மாமா சொன்னாக. நாந்தான் வேணாம்னு எடுத்து வச்சேன். நீங்கதான் அவுக எழுதுறதைப் படிப்பீகளாமே, சொல்லுவாக."

நீங்கதான் படிப்பீகளாமே. போட்டுக் கொடுக்காமத்தான் போயிருக்கான்.

ரெண்டு கட்டை அன்னைக்கே கொண்டு வந்தேன். மேல் கட்டுலயே அந்தக் கதை இருந்துச்சு. ராத்திரி உக்காந்து படிச்சேன். ஒரு பிரஸ் தொழிலாளி வீடு. தினசரி காலண்டர் ஒண்ணு தவறுதலா பைண்ட் ஆகி, பதிமூணாம் தேதித் தாள் ரெண்டு இருக்கு. விக்க முடியாததால வீட்டுக்கு எடுத்துட்டு வந்து மாட்டியிருக்கான். வட்டிக்காரன் பதினாலாம் தேதி காலையில வந்து நிக்கிறான். அந்த வீட்டுப் பொம்பளை கையில காசு இல்லை. காலண்டரைக் காட்டி, "இன்னைக்கும் பதிமூணுதானே அண்ணாச்சி"ங்குது. விளையாட்டா ஆரம்பிக்கிறது கொஞ்சம் கொஞ்சமா வினையாகுது. அந்த ஒரு நாள் அவளுக்கு நெசமாவே கிடைச்ச மாதிரி அவ நடந்துக்கிறா. கோலம் போடுறா, பிள்ளைக்குத் தலை வாரி விடுறா, முந்தின நாள் பேச விட்டுப்போன ஒரு பேச்சைப் புருஷன்கிட்ட பேசுறா. முடிவைச் சொல்ல மாட்டேன்.

கிணறு இல்லை. தண்ணிக் குடம் ஒண்ணு வருது, அவ்வளவுதான்.

நல்ல கதைங்க. சேக்காளிங்கிறதுக்காகச் சொல்லலை. நடுவுல ரெண்டு பக்கம் பிரஸ் முதலாளியைத் திட்டி வள்ளுன்னு விழுந்திருக்கான், அதை வெட்டியிருக்கலாம். இதைத்தான் நான் 2017-ல சொல்லியிருக்கணும். "அந்த ரெண்டு பக்கத்தை எடுத்துரு"ன்னு ஒரே ஒரு வரி. அவன் சண்டை போட்டிருப்பான். ஒரு மாசம் கழிச்சு எடுத்திருப்பான்.

சரி, இப்ப அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு வர்றேன்.

முதுகு சொறியறதுன்னு நாம கேலியாச் சொல்றோமே, தமிழ்ல நமக்குக் கிடைச்சிருக்கிற நல்ல எழுத்துல எவ்வளவு அந்த வழியா வந்து சேர்ந்ததுன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பாரதி 1920-ல தன்னோட எழுத்தை எல்லாம் 40 புஸ்தகமாப் போடணும்னு திட்டம் போட்டு, நண்பர்கள் கிட்ட கடனாப் பணம் கேட்டு அறிக்கை அனுப்பினார். அது நடக்கலை. அடுத்த வருஷம் செப்டம்பர்ல போய்ச் சேர்ந்துட்டார். அதை நினைச்சா இன்னைக்கும் வயித்தைப் பிசையும். அதே பாரதிக்கு 1917-ல 'கண்ணன் பாட்டு' அச்சுல வந்துச்சுன்னா அதுக்குக் காரணம் பரலி சு. நெல்லையப்பர். பாரதியைவிட வயசுல சின்னவர், பெரிய பணக்காரர் எல்லாம் இல்லை. புஸ்தகத்தையும் போட்டு, இது எவ்வளவு பெரிய கவின்னு முன்னுரையும் எழுதினார். இன்னைக்கு இருந்தா அவரையும் யாராவது டீக்கடை வாசல்ல நிக்க வச்சுக் கேட்டிருப்பாங்க, "என்ன, உங்க ஆளைத் தூக்கி வச்சுக் கொண்டாடுறீங்களே"ன்னு.

புதுமைப்பித்தன் 1948 ஜூன் 30 அன்னைக்குக் காசநோயில செத்துப் போனப்போ அவருக்கு வயசு 42. மூணே வருஷத்துல, 1951-ல, அவரோட நண்பர் ரகுநாதன் 'புதுமைப்பித்தன் வரலாறு' எழுதிட்டார். ஞாபகம் சூடா இருக்கிறப்பவே எழுதினதால அந்த மனுஷனோட பேச்சும் நக்கலும் நமக்குக் கிடைச்சுது. அதுல ரகுநாதன் தன் கட்சியைக் கலந்துட்டார், விருப்பு வெறுப்பைக் கலந்துட்டார்னு குறை சொல்றவங்க இருக்காங்க. இருக்கட்டுமே. யாருமே எழுதாம விட்டிருந்தா குறை சொல்றதுக்குக் கூட ஒண்ணும் இருந்திருக்காது. தொகுப்புல சேராமக் கிடந்த புதுமைப்பித்தன் எழுத்தை எல்லாம் தேடிப்பிடிச்சு ஆ. இரா. வேங்கடாசலபதி 'அன்னை இட்ட தீ'ன்னு கொண்டு வந்தது 1998-ல. சரியா ஐம்பது வருஷம். நண்பன் விட்டதை ஆய்வாளர் பிடிக்கணும்னா அவ்வளவு காலம் ஆகுது.

எனக்கு ரொம்ப நெருக்கமா இருக்கிறது ஆத்மாநாம் விஷயம். மதுசூதன்ங்கிறது சொந்தப் பேர். 1978-ல 'ழ'ன்னு ஒரு பத்திரிகையை ஆரம்பிச்சார். எழுத்துலயே அபூர்வமான எழுத்தைப் பேரா வச்ச பத்திரிகை. அவர் உயிரோட இருக்கிறப்போ வந்தது ஒரே ஒரு தொகுப்பு, 'காகிதத்தில் ஒரு கோடு', 1981-ல. 1984 ஜூலையில போயிட்டார், 33 வயசு. அதுக்கப்புறம் பிரம்மராஜன், அவரும் கவிஞர், அவரோட நண்பர், சிதறிக் கிடந்த கவிதைகளைச் சேர்த்து 1989-ல 'ஆத்மாநாம் கவிதைகள்' கொண்டு வந்தார். 2002-ல இன்னும் விரிவா 'ஆத்மாநாம் படைப்புகள்'. நான் ஆத்மாநாமைப் படிச்சதே அந்தத் தொகுப்புலதான். என் வயசுக்காரங்க பாதிப் பேர் அப்படித்தான் படிச்சிருப்பாங்க. பிரம்மராஜனுக்குச் சொந்தமா எழுத வேண்டிய கவிதைகள் இருந்துச்சு. அந்த நேரத்தை நண்பனுக்குக் கொடுத்தார்.

அப்புறம் எங்க பக்கத்து ஆளுங்களைச் சொல்லாம விட முடியாது. கோவில்பட்டிக்குத் தெக்கே இடைசெவல். சின்ன ஊரு. கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் ஒரே ஊர்ல ஒண்ணா வளர்ந்த சேக்காளிங்க. சங்கீதப் பைத்தியம் ரெண்டு பேருக்கும். அழகிரிசாமி 1970 ஜூலையில போயிட்டார், 47 வயசு கூட முடியலை. அந்த வருஷ சாகித்ய அகாதமி விருது 'அன்பளிப்பு' தொகுப்புக்குக் கிடைச்சப்போ வாங்கிக்க ஆள் இல்லை. கி.ரா. அதுக்கப்புறம் ஐம்பது வருஷம் இருந்தார், 2021 மே மாசம் வரைக்கும். அந்த ஐம்பது வருஷத்துல அழகிரிசாமி பேரை எடுக்காம அவர் பேசினது குறைவு. தனக்கு வந்த அழகிரிசாமி கடிதங்களைப் பத்திரமா வச்சிருந்து புஸ்தகமாக்கினார். நண்பனோட கடிதத்தை எல்லாரும்தான் வச்சிருப்போம். நாம வீடு மாத்துறப்போ எது முதல்ல குப்பைக்குப் போகும்னு யோசிச்சுப் பாருங்க.

(காஃப்கா - மாக்ஸ் பிராட் கதை எல்லாருக்கும் தெரியும், அதனால வேகமாத் தாண்டிடறேன். எல்லாத்தையும் எரிச்சிடுன்னு காஃப்கா எழுதி வச்சிட்டுப் போனார். 1924-ல அவர் இறந்தார், 1925-லயே பிராட் 'விசாரணை' நாவலை வெளியிட்டுட்டார். செஞ்சது துரோகமான்னு இன்னைக்கும் சண்டை போடுறாங்க. 1939-ல நாஜிங்க பிராகுக்குள்ள வர்ற நேரத்துல அந்தக் காகிதங்களைப் பெட்டியில தூக்கிக்கிட்டு ஓடின ஆளை நான் துரோகின்னு சொல்ல மாட்டேன். நீங்க சொன்னா சொல்லிக்கோங்க.)

அந்தப் பெரியவர் கட்சியிலயும் நியாயம் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. படிக்காமப் பாராட்டுறது நம்மகிட்ட நிறைய. புஸ்தக வெளியீட்டு மேடையில, அட்டையைத் திருப்பிப் பார்த்துக்கிட்டே, "தமிழ் இலக்கியத்துக்குக் கிடைத்த வரம்"னு முழங்குறவங்களை நானே பார்த்திருக்கேன். அன்னைக்கு நான் "பிரமாதமா வந்திருக்கு"ன்னு சொன்னது வேற என்ன? அதுதான் அசல் முதுகு சொறியல். அதுல எழுதினவனுக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. சொல்லப் போனா, கெடுதல். பொய்ப் பாராட்டைக் கண்டுபிடிக்கிறது எழுதுறவனுக்கு ரொம்ப சுலபம். ஒரு கிணறு போதும்.

சி.சு. செல்லப்பாவைப் பாருங்க. 1959-ல 'எழுத்து' ஆரம்பிச்சு 1970 வரைக்கும் கைக்காசைப் போட்டு நடத்தினார். புதுக்கவிதையை ஊரே கேலி பண்ணின காலத்துல, 1962-ல, தன் பத்திரிகையில எழுதினவங்க கவிதைகளைத் தொகுத்து 'புதுக்குரல்கள்'னு போட்டார். புஸ்தகத்தைத் தோள்ல சுமந்துக்கிட்டு கல்லூரி கல்லூரியாப் போய் வித்தார். அதே செல்லப்பா விமர்சனம்னு வந்துட்டா நண்பன், பகைவன்னு பார்க்க மாட்டார். கறாரான ஆள். தூக்கிச் சுமக்கிறதும் கறாரா இருக்கிறதும் ஒரே ஆள்கிட்ட இருக்க முடியும்ங்கிறதுக்கு அவரைத் தவிர வேற சாட்சி எனக்கு வேண்டாம்.

அதனால என் கட்சி இதுதான். நண்பன் எழுதினதைப் பத்தி நண்பன் எழுதுறது தப்பே இல்லை. முதல்ல வேற எவன் எழுதப் போறான்? பெரிய பத்திரிகைக்காரங்களுக்கு சிவகாசியில மிஷின்ல நிக்கிறவன் தாள்ல எழுதி வச்சது எப்படித் தெரியும்? முதல் வாசகன் எப்பவுமே தெரிஞ்சவன்தான். அவன் வாயைத் திறக்கலைன்னா ரெண்டாவது வாசகன் வரவே மாட்டான். ஆனா படிச்சுட்டு எழுதணும். எங்கே பிடிக்கலைன்னும் எழுதணும். "இவன் என் சேக்காளி"ன்னு முதல் வரியிலயே சொல்லிட்டா வாசிக்கிறவங்க தேவையானதைக் கழிச்சுக்கிட்டு வாசிச்சுப்பாங்க. அவங்க ஒண்ணும் சின்னப் பிள்ளைங்க இல்லை.

அப்புறம் காசு. இதைச் சொல்ல கொஞ்சம் கூச்சமா இருக்கு, இருந்தாலும் சொல்றேன். சேக்காளி புஸ்தகம் போட்டா ஓசியில கேக்காதீங்கய்யா. "எனக்கு ஒரு காப்பி எடுத்து வைடா"ன்னு உரிமையோட கேக்குறோம் பாருங்க, அங்கேதான் அவன் பாதி செத்துப் போறான். கல்யாணத்துக்கு மொய் எழுதறதில்லையா, அந்த மாதிரி நினைச்சு காசு கொடுத்து வாங்குங்க. ரெண்டு காப்பியா வாங்கி ஒண்ணை ஊர் நூலகத்துல கொடுங்க. நூலகர் வாங்கிக்கத் தயங்குவார், கொஞ்சம் கெஞ்சணும். நான் கெஞ்சியிருக்கேன் :-)

இன்னொரு சேக்காளி பள்ளிக்கூட வாத்தியார், பென்சில்ல கோட்டோவியம் போடுவார். ஒரு நாள் அவர் வீட்டுல போய் உக்காந்து நூத்தி சொச்சம் படத்தைப் போன்லயே படம் எடுத்து, தேதி கேட்டு எழுதி, ரெண்டு இடத்துல சேமிச்சு வச்சேன். "எதுக்குய்யா இவ்வளவு மெனக்கெடுறீரு, நான் என்ன சாகவா போறேன்"னு கேட்டார். பதில் சொல்லலை. அவர் சம்சாரம் காபி கொண்டாந்து வச்சுட்டு, "எடுங்கண்ணே, எல்லாத்தையும் எடுங்க, போன மழைக்கே பாதி நனைஞ்சு போச்சு"ன்னாங்க.

இப்ப அஞ்சு கட்டு கதைக்கு வர்றேன். மூணு கட்டு தட்டி முடிச்சாச்சு. மொத்தம் பதினாலு கதை, அதுல ஆறு தேறும். தேறாத எட்டையும் தட்டி வச்சிருக்கேன், ஆனா புஸ்தகத்துல போட மாட்டேன். அவனே போட்டிருக்க மாட்டான். "எல்லாத்தையும் போடுங்க, பாவம் செத்துப்போனவர்"னு ஒரு நண்பர் சொல்றார். செத்துப்போனவன்ங்கிறதுக்காகப் போட்டா, அது மறுபடியும் கிணறு கதைதான்.

மொழியில கை வைக்கலை. அவன் "வந்துக்கிட்டிருந்தான்"னு ஒரு பக்கமும் "வந்திட்டு இருந்தான்"னு அடுத்த பக்கமும் எழுதுவான். பிரஸ்ஸுல பேசுற பேச்சை அப்படியே போடுவான். முதல்ல எல்லாத்தையும் ஒழுங்கு பண்ண ஆரம்பிச்சேன். நாலு பக்கம் முடிஞ்சதும் வாசிச்சுப் பார்த்தா அவன் குரல் இல்லை, என் குரல்தான் கேட்டுச்சு. அழிச்சுட்டு மறுபடியும் முதல்லேர்ந்து தட்டினேன். அந்தப் பிரஸ் முதலாளியைத் திட்டுற ரெண்டு பக்கமும் அப்படியேதான் இருக்கு. உயிரோட இருக்கிறப்போ வெட்டுன்னு சொல்லலாம், சண்டை போட அவன் இருப்பான். இப்ப வெட்டுனா அது நியாயம் இல்லை.

ஒரே ஒரு இடத்துல என் கொள்கையை நானே மீறுறேன். அந்த வட்டிக்காரன் நெசமான ஆள். அதே தெருவுல இன்னும் இருக்கார். கதையில பேர் கூட மாத்தாம எழுதி வச்சிருக்கான் இந்தப் பாவி. "அண்ணே, அந்தப் பேரை மட்டும் மாத்திருங்க. நாங்க அந்தத் தெருவுலதான் குடியிருக்கணும்"னு தங்கச்சி கேட்டுச்சு. அது கேட்டதுல ஒரு தப்பும் இல்லை. பொம்பளைப் பிள்ளையை வச்சுக்கிட்டுத் தனியா இருக்கிற வீடு. மாத்தியாச்சு. கதைக்கு ஒண்ணும் குறையலை. புஸ்தகம் வர்ற வரைக்கும் அவன் பேரையும் எங்கேயும் சொல்ல வேண்டாம்னு கேட்டிருக்கு, அதனாலதான் இங்கே "அவன்"னே எழுதிக்கிட்டு வர்றேன். அட்டையில அவன் பேர் பெருசா இருக்கும். அதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன், தங்கச்சியும் சரின்னுடுச்சு.

அட்டைக்கு அந்த நாலு கண்ணு முருகனைப் போடலாமான்னு ஒரு யோசனை. யாராவது கோவிச்சுக்குவாங்களோன்னும் பயமா இருக்கு. அந்தக் காலண்டர் கதைக்கு அவன் தலைப்பே வைக்கலை. முதல் தாள் மேல இடம் விட்டு, கோடு மட்டும் போட்டு வச்சிருக்கான். நான் வைக்கிறதா, அப்படியே கோடு மட்டும் போட்டு விட்டுடறதான்னு முடிவு பண்ண முடியலை. உங்களுக்கு ஏதாச்சும் தோணினா சொல்லுங்க.

பாக்கி ரெண்டு கட்டு சிவகாசியில இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில முதல் பஸ்ஸுக்குக் கிளம்புறேன்.

பி.கு: அந்தப் பெரியவரும் ஒரு நாவல் எழுதி முடிச்சு வச்சிருக்காராம், நானூறு பக்கம். நேத்து போன் பண்ணி கையெழுத்துப் பிரதியைக் கேட்டு வாங்கியிருக்கேன். இதுவரைக்கும் எழுபத்திரெண்டு பக்கம் படிச்சாச்சு. நாப்பதாவது பக்கத்துல ஒரு கிணறு வருது. நெசமாவே வருது.